இரண்டாவது கோட்

சிங்கப்பூர்
3.11.2025

அன்புள்ள அத்தானுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? போனில் கேட்டால் "இருக்கு" என்பீர்கள். அதற்கப்புறம் இரண்டு பேரும் பேச ஒன்றுமில்லாமல் உங்கள் வீட்டு மின்விசிறிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்போம். அதனால்தான் எழுதுகிறேன்.

கப்பல் பயணம் உறுதியாகிவிட்டது. ஜனவரிக் கடைசியில் இங்கிருந்து கிளம்பி பினாங்கு, புக்கெட் போய்த் திரும்பும். நமக்குக் கல்யாணமாகி நாற்பது வருஷம் ஆவதற்குச் சந்திரிகாவும் மாப்பிள்ளையும் தரும் பரிசாம். கடல் என்றதுமே நான் வேண்டாம் என்றேன். நாம் இரண்டு பேரும் ஆட்டோவைக்கூட பீச் ரோடு பக்கம் விடச் சொல்லாதவர்கள் என்று அவளுக்குத் தெரியாதா? தெரிந்துதான் செய்கிறாள். "பிரசவம் பாக்க வந்தே. பாப்பா ரெண்டாங்கிளாஸ் போறா. இன்னும் எத்தனை நாளைக்கும்மா ஆளுக்கொரு ஊர்ல இருப்பீங்க?" என்று கேட்டாள். சரி என்றேன்.

கப்பலில் ஒருநாள் மாலை விருந்து உண்டாம். ஆண்கள் கோட், டை இல்லாமல் உள்ளே போக முடியாது. பெண்களுக்குக் கவுன், இல்லையென்றால் நல்ல பட்டு. சந்திரிகா ஒரு கவுனைக் காட்டினாள். தோள் முழுக்கத் தெரிகிறது. இந்த வயதில் இது வேறயா என்று சிரித்துவிட்டேன். காஞ்சிபுரம் கட்டினால் அந்தப் புழுக்கத்தில் சரிகை கழுத்தை அறுக்கும். உங்கள் கடையிலிருந்து மெல்லிய பட்டாக ஒன்று பார்த்து எடுத்து வாருங்கள். நீலம் மட்டும் வேண்டாம்.

நீங்கள் ஒரு கோட் தைத்துக்கொள்ளுங்கள். வெயில் பக்கம் போகும் கப்பலில் கறுப்புக்குப் பதிலாகச் சந்தன வெள்ளைக் கோட் போடுவார்கள் என்று மாப்பிள்ளை படம் அனுப்பியிருக்கிறார். கால்சட்டை மட்டும் கறுப்பு. வேட்டி போதும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள்.

அன்புடன்,
முத்துலட்சுமி


தி. நகர்
14.11.2025

அன்பு லட்சுமிக்கு,

கடிதம் கிடைத்தது. முழங்கால் மாடி ஏறும்போது மட்டும் வலிக்கிறது. தீபாவளி வியாபாரம் முடிந்து கடை இப்போதுதான் மூச்சு விடுகிறது.

உனக்கு ஒரு மென்பட்டு எடுத்து வைத்திருக்கிறேன். முதலில் கை போனது சாம்பல் நீலத்துக்குத்தான். உன் கடிதம் நினைவுக்கு வந்து, மடித்து வைத்துவிட்டேன். இது மாதுளைத் தோல் நிறம், கரை சின்னது, கையில் எடுத்தால் எடையே இல்லை. ராத்திரி விளக்கில் கொஞ்சம் கறுத்துத் தெரியும். உனக்குப் பொருந்தும்.

கோட் விஷயமாக ராயப்பேட்டையில் ஷரஃபுதீன் பாயிடம் போனேன். லினன் போடலாமா என்றேன். "வேணாம் அண்ணாச்சி, உக்காந்து எழுந்தா கசங்கிப்பூடும். சோறு துன்னு முடிக்கறதுக்குள்ள துவைச்சுப் போட்ட மாதிரி ஆயிடும்" என்றார். வெயில் ஊருக்கென்றே நெய்த மெல்லிய கம்பளித் துணி ஒன்றை எடுத்துப் போட்டார். நாற்பது வருஷமாகத் துணி பிடித்துப் பார்க்கிற கை இது. தொட்டதும் பிடித்துவிட்டது. பட்டாம்பூச்சி மாதிரிக் கட்டும் டை எனக்கு வேண்டாம் என்றேன், அதற்கு மட்டும் அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

என் அளவை எடுத்துவிட்டு, "தம்பிக்கும் உண்டுதானே அண்ணாச்சி?" என்று அவரே கேட்டார். ஆமாம் என்றேன். வெங்கடேஷுக்கும் அதே துணியில் ஒன்று சொல்லியிருக்கிறேன். அவனுக்குத் தோள் என்னைவிட அகலம்.

சந்திரிகாவிடம் சொல்ல வேண்டாம்.

உன்,
கனகராஜ்


சிங்கப்பூர்
24.11.2025

அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்தேன். நான் இங்கே வந்த பிறகாவது நிறுத்தியிருப்பீர்கள் என்று நினைத்திருந்தேன்.

சுனாமி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை மெரினாவில் கிரிக்கெட் ஆடப் போனான் நம் வெங்கடேஷ். அவனுக்கு ஒன்பது வயது. அவன் உடம்பு கிடைக்கவில்லை. காரியம் செய்துவிடலாம் என்று நான் கேட்டபோது, கிடைக்காதவனுக்கு எதற்குக் காரியம் என்று நீங்கள் சொன்னீர்கள். அதற்குமேல் நானும் வற்புறுத்தவில்லை. அடுத்த தீபாவளிக்கு அவன் அளவில் ஒரு சட்டை வாங்கி வந்தீர்கள். அதற்கடுத்த வருஷம் ஓர் அளவு பெரியதாக. ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமல் நாம் அதை அவன் அறை அலமாரியில் வைத்தோம். முதல் சில வருஷம் எனக்கும் அது ஆறுதலாகத்தான் இருந்தது.

பிறகு முழுக்கால்சட்டை வந்தது. ஷேவிங் செட் வந்தது. ஒருநாள் நான் அந்த அறையைப் பெருக்கப் போனபோது, அலமாரிக் கதவில் ஓர் ஆம்பளைச் சட்டை தொங்கிக்கொண்டிருந்தது. நிஜமாகவே யாரோ உள்ளே நிற்கிறார்கள் என்று நினைத்துச் சேலையைச் சரிசெய்தேன், அத்தான். என் பிள்ளை அறையில், முன்பின் தெரியாத ஆளுக்கு முன்னால் கூச்சப்படுகிற மாதிரி. அதற்குப் பிறகு அந்த வீட்டில் எனக்குத் தூக்கம் இல்லை. பிரசவம் ஒரு சாக்குத்தான்.

நான் பெற்றது ஒன்பது வயதுப் பையனை. அவனுக்கு முன்பல் ஒன்று பாதி முளைத்திருந்தது. நீங்கள் வளர்த்துக்கொண்டு போகிறீர்களே, அந்த ஆள் யாரென்று எனக்குத் தெரியாது. அவன் வளர வளர என் பையன் முகம் மங்கிக்கொண்டே போகிறது.

கப்பலுக்கு வாருங்கள். தனியாக வாருங்கள்.

முத்துலட்சுமி


தி. நகர்
8.12.2025

அன்பு லட்சுமிக்கு,

உன் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் நேற்று பாய் கடைக்குப் போனேன். இரண்டு கோட்டும் முடிந்திருந்தன. என்னுடையதைப் போட்டுப் பார்த்தேன். ஓட்டல் வாசலில் நிற்பவன் மாதிரி இருந்தது. பாய் ரொம்ப நல்லாக்கீது என்றார்.

உனக்குப் பாயின் மகன் ஜைதை நினைவிருக்கும். வெங்கடேஷின் வகுப்பு. அன்றைக்கு விளையாட வரவேண்டியவன், காய்ச்சல் என்று வீட்டில் படுத்துவிட்டான். இப்போது தரமணியில் கம்ப்யூட்டர் வேலை. இத்தனை வருஷமும் அவனை வைத்துத்தான் அளவெடுத்தோம். ஒருமுறைகூட எதற்கு என்று கேட்டதில்லை. கையை விரித்துக்கொண்டு நிற்பான், முடிந்ததும் போய்விடுவான்.

நேற்று அவன் கடையில் இருந்தான். அந்த இன்னொரு கோட்டைப் போட்டுப் பார்க்கட்டுமா என்று அவனாகவே கேட்டான். போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றான். எனக்கு முதுகுதான் தெரிந்தது. தோள், கழுத்து, தலைமுடி வெட்டு. என்னை மீறி வாய் திறந்துவிட்டது. "வெங்கடேஷு" என்று கூப்பிட்டேன்.

அவன் திரும்பவில்லை. கண்ணாடியைப் பார்த்தபடியே, "சொல்லுப்பா" என்றான்.

பாய் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டார். அந்தப் பையன் என்மேல் இரக்கப்பட்டுத்தான் சொன்னான், எனக்குத் தெரியும். ஆனால் லட்சுமி, அது நம்ம பிள்ளை குரல் இல்லை. அப்படியானால் நம்ம பிள்ளை குரல் எது என்று யோசித்துப் பார்த்தேன். வரவில்லை. இருபத்தொரு வருஷம் தோளும் கையும் அளந்திருக்கிறேன். குரலைத் தொலைத்திருக்கிறேன். அது எப்போது போனதென்றுகூடத் தெரியவில்லை.

வீடு வரைக்கும் பஸ் ஏறாமல் நடந்தே வந்தேன். அந்தக் கோட்டை ஜைதே வைத்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டேன். பிப்ரவரியில் அவனுக்கு நிக்காஹ்.

நான் தனியாகத்தான் வருகிறேன்.

உன்,
கனகராஜ்


தி. நகர்
6.2.2026

அன்பு லட்சுமிக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன். வீட்டுக்குள் நுழைந்ததும் தரை ஆடுகிற மாதிரி இருந்தது. இரண்டு நாளில் சரியாகிவிட்டது. பாப்பா வரைந்து கொடுத்த கப்பலைக் கல்லாவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறேன். வாடிக்கையாளர்கள் அது வாத்து என்கிறார்கள்.

மாதுளைத் தோல் நிறம் உனக்கு நன்றாக இருந்தது. அங்கே சொல்லியிருக்க வேண்டும். கோட் போட்டுக்கொண்டு பேச எனக்குக் கூச்சமாக இருந்தது.

புக்கெட்டைத் தாண்டிய அன்று மேல்தளத்தில் நான் கேட்டதற்கு நீ பதில் சொல்லவில்லை. காற்றில் கேட்கவில்லையோ என்னவோ. அதனால் இங்கே எழுதுகிறேன். நீ அன்றைக்குக் கேட்ட காரியத்தை இப்போது செய்துவிடலாம். தண்ணீரை அவ்வளவு பக்கத்தில், அவ்வளவு நாள் பார்த்த பிறகு எனக்குள் ஏதோ விட்டுப்போய்விட்டது. மயிலாப்பூரில் ஒரு ஐயரிடம் பேசியிருக்கிறேன். பங்குனி அமாவாசை நல்ல நாளாம். உடம்பு இல்லாவிட்டாலும் செய்ய வழி இருக்கிறதாம்.

நீ வந்து பக்கத்தில் நின்றால் என்னால் செய்ய முடியும். அவன் அறையையும் காலி செய்துவிடலாம். சட்டையெல்லாம் புதுசு, யாருக்காவது ஆகும்.

உன்,
கனகராஜ்


சிங்கப்பூர்
19.2.2026

அன்புள்ள அத்தானுக்கு,

நீங்கள் மேல்தளத்தில் கேட்டது எனக்கு நன்றாகக் கேட்டது. என் வாயிலிருந்துதான் பதில் வரவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

விருந்துக்குப் போகும் முன் மாடிப்படியில் நம் எல்லோரையும் நிறுத்திப் படம் எடுத்தார்களே, நினைவிருக்கிறதா? எனக்குச் சேலை நிற்காமல் வழுக்கிக்கொண்டே இருந்தது. முந்தானையைப் பின் குத்திக்கொண்டே நிமிர்ந்தேன். படம் எடுப்பவருக்குப் பின்னால், எதிர்ப்படியில் ஒரு பையன் இறங்கி வந்தான். முப்பது வயது இருக்கும். சந்தன வெள்ளைக் கோட். நாம் படம் எடுப்பதைப் பார்த்துவிட்டு, குறுக்கே வரக்கூடாதென்று பாதிப் படியில் நின்றுகொண்டான். என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தான்.

நம் ஊர்க்காரன்கூட இல்லை. எல்லாம் எனக்குத் தெரிந்தது. தெரிந்தும், "இவ்வளவு உயரமா வளர்ந்துட்டான்" என்றுதான் எனக்குள் தோன்றியது. கூச்சம் வரவில்லை. பயமும் வரவில்லை. சாப்பிட்டானோ இல்லையோ என்று ஒரு நினைப்பு வந்தது. படம் எடுத்து முடிந்ததும் அவன் பக்கவாட்டில் இறங்கி அவன் ஆட்களோடு போய்விட்டான்.

அன்றிலிருந்து ஒன்பது வயதுக்காரனை நினைக்கிறேன், முகம் வரவில்லை. படியில் நின்றவன்தான் வருகிறான். உங்களோடு சண்டை போட்டு நான் பத்திரப்படுத்தி வைத்திருந்தது கையைவிட்டுப் போயிற்று. உங்களைக் குறை சொல்லவில்லை. இத்தனை வருஷம் அந்த வீட்டில் தனியாக இவனோடு இருந்தீர்களே, எப்படி இருந்தீர்கள் என்றுதான் நினைக்கிறேன்.

ஐயரிடம் இப்போது வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நீங்கள் முடியாது என்றபோது நான் வேண்டும் என்றேன். நீங்கள் சரி என்கிறபோது எனக்கு மனசு வரவில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

மார்ச் முதல் வாரம் வருகிறேன். ஒருவழி டிக்கெட்தான் எடுக்கச் சொல்லியிருக்கிறேன். சந்திரிகாவுக்குச் சந்தோஷம். நாம் சமாதானமாகிவிட்டோம் என்று எல்லோரிடமும் போனில் சொல்லிக்கொண்டிருக்கிறாள். சொல்லட்டும்.

அந்தப் படம் அச்சிட்டு வந்திருக்கிறது. இதோடு ஒரு பிரதி வைத்திருக்கிறேன். எல்லோரும் நேராகப் பார்க்கிறீர்கள், நான் மட்டும் மேலே எங்கேயோ பார்க்கிறேன். உங்களுக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விட்டிருக்கிறது. ஏம்மா அப்பா இப்படி விலகி நிற்கிறார், மாப்பிள்ளைமேல் ஏதாவது வருத்தமா என்று சந்திரிகா கேட்டாள். உங்களுக்கு நினைவிருக்கும். கொஞ்சம் தள்ளி நில்லுங்க, இடம் விடுங்க என்று உங்களிடம் சொன்னது நான்தான்.

உங்கள்,
லட்சுமி