படத்தில் இல்லாத வசனம்

மாமி,

டிவிக்கு முன்னால் கிடக்கும் உங்கள் நாற்காலியின் உறையை இன்று கழற்றித் துவைக்கப் போட்டேன். மூட்டுவலிக்குத் தேய்ப்பீர்களே, அந்தத் தைலத்தின் மணம் வாளித் தண்ணீரில் குப்பென்று எழுந்தது. நீங்கள் போய் ஏழு மாதம் ஆகிறது. மணம் போகவில்லை. எரிச்சலாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

மத்தியானச் சோறு உண்டு முடித்ததும் மாமியாரும் மருமகளுமாக ஈரான் படம் பார்க்கிற வீடு நம் ஊரில் வேறெங்கும் இருந்திருக்காது. தமிழ் சீரியல் உங்களுக்கு ஆகாது. "இவளுவ என்னத்துக்கு பட்டுச்சேலை உடுத்திட்டு மீனு வெட்டுகாளுவ?" என்பீர்கள். ஈரான் படத்துப் பெண்கள் ஜெபிக்கச் சபைக்குப் போகிற நம் பெண்களைப் போல முக்காடு போட்டிருந்தார்கள். அடுக்களையில் நின்று சண்டை போட்டார்கள். வீட்டில் ஒருவன் செய்த தப்பை மறைக்க வீடே சேர்ந்து பொய் சொன்னது. உங்களுக்குப் பிடித்துப்போயிற்று. திரையின் அடியில் ஓடும் ஆங்கிலத்தை நான் வாசித்துத் தமிழில் சொல்லவேண்டும். ஒரு நிமிடம் தாமதித்தால் "என்ன சொல்லுகா, என்ன சொல்லுகா" என்று என் முழங்கையைச் சுரண்டுவீர்கள்.

நம் வீட்டிலும் ஒரு பொய் இருந்தது. திற்பரப்பு அருவியில் குளித்துவிட்டுத் திரும்பும்போது உங்கள் மகன் குடித்துவிட்டு ஓட்டிய கார், ரோட்டோரம் நடந்துபோன ஒரு பெரியவரை அடித்துப் போட்டது. அவர் பிழைக்கவில்லை. முன்சீட்டில் என் தம்பி இருந்தான், பின்னால் நீங்களும் நானும். ஓட்டியது என் தம்பி என்று ஸ்டேஷனில் முதலில் சொன்னது நீங்கள்தான். மகன் அடுத்த வாரம் துபாய்க்குத் திரும்பவேண்டும். "வாயத் தெறக்காத மக்களே, உனக்க மாப்பிளைய நெனச்சுக்க" என்றீர்கள். நான் திறக்கவில்லை. தம்பி என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஆமாம் என்று தலையாட்டினான். போலீஸ் வேலைக்குத் தேறியிருந்தவன் அவன். இப்போது குளச்சலில் லாரிக்கு மீன் ஏற்றுகிறான். என் வீட்டுப் படி ஏறுவதில்லை.

ஒரு நாள் பார்த்த ஈரான் படத்தில் ஒரு தாய் தன் மகனைக் காப்பாற்ற மருமகளை மாட்டிவிடுகிறாள். மருமகள் ஜெயிலுக்குப் போய்த் திரும்பி வரும்போது கிழவி படுக்கையில் கிடக்கிறாள். பக்கத்தில் இருந்து கிழவியின் கையைப் பிடிக்கிறாள். 'உங்களை எப்போதோ மன்னித்துவிட்டேன்' என்று அடியில் ஓடிற்று.

"என்ன சொல்லுகா?"

"மன்னிக்க மாட்டாளாம்."

"பெறவு எதுக்குட்டி கையப் பிடிக்கா?"

"சாவப்போற நேரத்துல கையப் பிடிச்சுச் சொன்னாத்தான் நல்லா உறைக்கும்."

"அவிய ஊருல அப்பிடியா?"

"எல்லா ஊருலயும் அப்பிடித்தான் மாமி."

டிவியை அணைக்கச் சொன்னீர்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சாயங்காலம் இரண்டு தோசை கூடுதலாகத் தின்றேன்.

நாலைந்து நாள் கழித்து, "உனக்க தம்பிய ஒருக்கா வரச்சொல்லுவியா?" என்று கேட்டீர்கள். குரல் இறங்கியிருந்தது. சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை. அவனுக்கு நேரமில்லையாம் என்று உங்களிடம் வந்து சொன்னேன். அதற்குப் பிறகு நீங்கள் படம் போடச் சொல்லவே இல்லை.

ஆஸ்பத்திரியில் கடைசி நாள். உங்கள் மகன் விமானத்தில் வந்துகொண்டிருந்தார். மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. போர்வைக்கு வெளியே கிடந்த உங்கள் கை, வற்றிப்போய்ச் சின்னப்பிள்ளையின் கையளவுதான் இருந்தது. பிடித்துக்கொண்டேன்.

நீங்கள் கண்ணைத் திறந்து என் முகத்தைப் பார்த்தீர்கள். எங்கிருந்து அவ்வளவு பலம் வந்ததோ, கையை உருவிப் போர்வைக்குள் ஒளித்துக்கொண்டீர்கள்.

"சொல்லாத மக்களே" என்றீர்கள்.

அதன் பிறகு நீங்கள் பேசவில்லை. நான் அந்த வசனத்தைச் சொல்ல வரவில்லை, மாமி. சும்மாதான் பிடித்தேன். உங்களை நான் மன்னித்துவிட்டேனா என்று கேட்டால், இன்றைக்கும் பதில் தெரியாது. தம்பியின் முகம் நினைவுக்கு வந்தால் உங்கள் மேல் ஆத்திரம் பொங்குகிறது. ஆனால் அந்தப் பயத்தோடு நீங்கள் போயிருக்க வேண்டாம். அதை உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான்தான்.

இப்போதும் மத்தியானம் ஈரான் படம் பார்க்கிறேன். உங்கள் நாற்காலிப் பக்கம் திரும்பி, அடியில் ஓடுவதை வாய்விட்டுத் தமிழில் சொல்கிறேன். ஒரு வார்த்தை மாற்றுவதில்லை.