லண்டன் பாலத்துக்கு முன்னால அப்பாவும் அம்மாவும்

அன்புள்ள அப்பாவுக்கு, முத்துமீனா எழுதுறேன். முழங்கால் வலி தேவலையா? அம்மா சுகர் மாத்திரையை ஒழுங்கா போடுறாங்களா? நான் லண்டன்ல நல்லாத்தான் இருக்கேன்.

உங்க விசாவுக்கான அழைப்புக் கடிதத்தோட இதையும் சேர்த்து அனுப்புறேன். போன்ல சொன்னா சரி சரின்னு வச்சிருவீங்க.

விசாவுக்குக் குடும்பப் போட்டோ கேட்டா, ஆரப்பாளையம் ஸ்டூடியோக்காரர் நீங்க ரெண்டு பேரும் லண்டன் பாலத்துக்கு முன்னால நிக்கிற மாதிரி ஒட்டிக் கொடுத்திருக்காரே! "மக ஊரு தெரியட்டும்"னு நீங்கதான் சொன்னீங்களாம். வாட்ஸ்அப்ல பார்த்ததும் உடனே இதை எழுத உட்கார்ந்துட்டேன். பொய்ப் போட்டோன்னு மொத்த மனுவையும் தள்ளிட்டாங்கன்னா என்ன செய்வேன்? அதை மட்டும் கொடுத்துறாதீங்கப்பா. நான் கிளம்புன அன்னைக்குக் கீழக்குயில்குடி வீட்டு வாசல்ல மூணு பேரும் எடுத்தோமே, அதை வைங்க. அதுல அம்மா அழுத முகமா இருந்தாலும் பரவாயில்லை.

விசா கிடைச்சா இட்லிப்பொடி கொஞ்சம் கூடவே கொண்டாங்க. இங்க தனியா சாப்பிட உட்கார்ந்தா எதுவும் இறங்க மாட்டேங்குது.

டூட்டிக்கு நேரமாச்சு, கிளம்புறேன். போட்டோவுக்காகத் திட்டுனேன்னு அம்மாகிட்ட சொல்லிறாதீங்க. அந்தப் பாலத்துப் போட்டோவைப் பெருசா பிரிண்ட் போட்டு என் கட்டில் பக்கத்துல ஒட்டியிருக்கேன். இதுவரைக்கும் நீங்க என்கிட்ட வந்தது அதுல மட்டும்தானே.

உங்க மக,
முத்துமீனா