பதினோரு மெழுகுப் பற்கள்

என் அன்பு மனைவிக்கு,

நான் நலம். சளி விட்டுவிட்டது. கம்பளிச் சட்டையைப் பெட்டியிலேயே வைத்திருக்கிறேன் என்று உன் அண்ணன் சொல்லியிருந்தால் நம்பாதே. தினமும் போடுகிறேன்.

நம் பாப்பா ஆபீஸ் வேலையை விட்டுவிடட்டுமா, இல்லை அங்கே இருக்கிற அந்த மேலாளர் மீது புகார் எழுதிக் கொடுக்கட்டுமா என்று கேட்டிருந்தாய். உன் கடிதம் வந்த அன்றே போனில், 'பொறுத்துக்கச் சொல்லு, பெரிய ஆபீஸ்னா நாலு பேரு நாலு விதமாத்தான் பேசுவாங்க' என்று சொல்லிவிட்டேன். பன்னிரண்டு நாள் ஆகிறது. அந்தப் பதிலைத் திரும்ப வாங்கிக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன். போனில் என்றால் பாதியிலேயே நான் சத்தம் போடுவேன், நீ வைத்துவிடுவாய்.

மூன்று வாரமாக உன்னிடம் ஒன்றை மறைத்து வைத்திருந்தேன். இங்கே என் மீது ஒரு புகார் வந்தது.

செயற்கைப் பல் செய்கிற எங்கள் கூடத்தில் என் மேற்பார்வையில் ஒன்பது பேர். ஐந்து நாட்டுக்காரர்கள். மெழுகு மேசையில் இருக்கிற அம்மாளைப் பற்றி முன்பு எழுதியிருக்கிறேன். கை மெதுவாக ஓடுகிறது என்று 'நத்தை' எனப் பெயர் வைத்தேனே, அவர்தான். பல்லை முதலில் மெழுகில் செதுக்கி, அது சரியாக வந்தால்தான் உலோகத்தில் வார்ப்போம். சரியில்லாவிட்டால், நம் ஊரில் எனக்குத் தொழில் பழக்கிய பழைய மாஸ்டர் என்ன செய்வார் என்பது உனக்குத் தெரியும். கட்டைவிரலை வைத்து ஒரே அழுத்து. ஒரு மணி நேர வேலை சப்பையாகிவிடும். 'மறுபடி பண்ணுடா தூங்குமூஞ்சி' என்பார். அதையே நான் இந்த அம்மாளுக்குச் செய்தேன். 'நத்தையம்மா, மறுபடியும் முதல்லேருந்து' என்று சொல்லி எல்லோரும் பார்க்க அழுத்துவேன். பக்கத்து மேசைக்காரர்கள் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். தலையை ஆட்டிவிட்டு அடுத்த மெழுகை எடுப்பார். எதிர்த்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. நல்ல மனுஷி, சொன்னால் எடுத்துக்கொள்கிறார் என்று நினைத்தேன்.

ஒரு திங்கட்கிழமை அவர் வரவில்லை. அலுவலகத்திலிருந்து என்னைக் கூப்பிட்டு ஒரு தாளைக் காட்டினார்கள். பதினோரு வரிகள். தேதி, நேரம், எந்தப் பல், அருகில் நின்றவர்கள் யார், அவ்வளவுதான். ஐந்து வாரத்தில் பதினோரு தடவை அழுத்தியிருக்கிறேன். என்னைக் கேட்டிருந்தால் நாலைந்து என்று சத்தியம் செய்திருப்பேன். கடைசியில், 'எனக்கு நாற்பத்தாறு வயது. பதினெட்டு வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன்' என்று எழுதியிருந்தார். என்னைப் பற்றி ஒரு கடுஞ்சொல் கிடையாது.

உன்னோடு போனில் பேசிய மூன்றாம் நாள் விசாரணை வைத்தார்கள். விசாரித்த அதிகாரி ஒரு பெண். கூடத்தில் நான் பேசும் அரைகுறை ஊர்மொழி அங்கே போதாது என்று, நம் மொழி தெரிந்த இன்னொரு அம்மாள் எனக்கு மொழிபெயர்த்தார். நான் ரொம்பத் தெளிவாகவே பேசினேன். 'அந்தம்மா எங்க வீட்டு ஆள் மாதிரி, உரிமையிலதான் அப்படிச் சொன்னேன்' என்றேன். அதிகாரி ஏதோ கேட்டார். மொழிபெயர்த்தவர் என் பக்கம் திரும்பி, 'அண்ணே, அந்த உரிமை அவங்க குடுத்ததா, இல்ல நீங்களா எடுத்துக்கிட்டதான்னு மேடம் கேக்கறாங்க' என்றார்.

அப்போதுதான் உறைத்தது. நான் சொன்ன அதே வாக்கியம் உன் கடிதத்தில் இருந்தது. நம் பெண்ணை எல்லோர் முன்னாலும் 'ஒட்டடைக்குச்சி' என்று கூப்பிட்டுவிட்டு, 'நம்ம வீட்டுப் பொண்ணு, உரிமையில சொல்றேன்' என்கிறாரே அந்த மேலாளர். பாப்பாவும் சேர்ந்து சிரிக்கிறாள் என்று எழுதியிருந்தாய். சிரிக்கிறாள் அல்லவா, பிறகென்ன என்றுதான் அன்றைக்கு எனக்குத் தோன்றியது.

தேநீர் இடைவேளையில் எங்கள் ஆட்களிடம் இதைப் பற்றிப் பேசினேன். அச்சு வார்க்கிறவர் இந்த ஊர்க்காரர். 'நாங்க ஒருத்தர நோகடிக்கணும்னா சத்தமே போட மாட்டோம் சார். மீட்டிங் இருக்குன்னு அவருக்கு மட்டும் சொல்லாம விட்டுடுவோம்' என்றார். சூளையில் பல் சுடுகிறவர் வேறு நாட்டுக்காரர். அவர் ஊரில் எல்லோரும் சாப்பிடப் போகும்போது ஒருவரை மட்டும் கூப்பிட மாட்டார்களாம். 'அதுக்கு நீங்க திட்டறது எவ்வளவோ தேவல' என்று எனக்கே ஆறுதல் சொன்னார். அந்த ஆறுதலை எங்கே போய் வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

எல்லோர் முன்னாலும் செய்ததற்கு எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்பதுதான் முறை என்று கிளம்பினேன். மொழிபெயர்த்த அம்மாள்தான் தடுத்தார். அவரை மறுபடி நடுவில் நிற்க வைக்கப் போகிறீர்களா என்று கேட்டார். ஆகவே மெழுகு மேசை அம்மாள் வேலைக்குத் திரும்பிய அன்று, சாமான் அறையில் இரண்டு நாற்காலி போட்டுக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: அவர்கள் நாட்டில் வேலையில் குறை இருந்தால் தனியே கூப்பிட்டுத்தான் சொல்வார்களாம். நாலு பேர் முன்னால் சொன்னால், நீ போய்விடு என்று அர்த்தமாம். 'நீங்க என்னைப் போகச் சொல்றீங்கன்னு நெனச்சேன். பதினோரு தடவ சொல்லியும் போகாம உக்காந்திருக்கோமேன்னு எனக்கே வெக்கமா இருந்துச்சு' என்றார்.

எனக்கு எழுத்தில் எச்சரிக்கை கொடுத்திருக்கிறார்கள். வேலை இருக்கிறது. இப்போது யார் மெழுகையும் நான் தொடுவதில்லை. குறையைத் தாளில் வரைந்து அவரவர் மேசையில் வைத்துவிடுகிறேன். புதன்கிழமை அந்த அம்மாள் என்னைக் கதவோரம் கூப்பிட்டு, நான் முடித்து வைத்திருந்த பல்லைக் காட்டி, 'அறுபது வயசுக்காரர் வாயில இது குளியலறை ஓடு மாதிரி இருக்கும் சார்' என்று யாருக்கும் கேட்காமல் சொன்னார். பார்த்தேன். வெள்ளை அதிகம்தான். மாற்றினேன்.

கல்யாணமான புதிதில் நான் பட்டறையிலிருந்து வந்து சாப்பிடாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்த நாட்கள் உனக்கு நினைவிருக்கும். கேட்டால், மாஸ்டர் என் நல்லதுக்குத்தான் செய்கிறார் என்பேன். உண்மையைச் சொல்கிறேன். அவர் விரல் எனக்கு எதையும் கற்றுத் தரவில்லை. பக்கத்து மேசைக்காரர் தன் சாப்பாட்டு நேரத்தில் காட்டிக் கொடுத்துத்தான் கற்றேன்.

ஆகவே பாப்பா வேலையை விட வேண்டாம். முதலில் எழுதிக் கொடுக்கட்டும். தேதி, நேரம், என்ன சொன்னார், யார் இருந்தார்கள், அது போதும். அதன் பிறகும் அங்கே இருக்க மனமில்லை என்றால் அது அவள் இஷ்டம்; வீடு இருக்கிறது, நாம் இருக்கிறோம். அவள் எழுதும்போது பக்கத்தில் உட்கார். ஆனால் ஒரு சொல்லையும் குறைக்கச் சொல்லாதே.

இன்னொன்றும் கேள். வீட்டில் நான் அவளுக்கு வைத்த பெயர்களில் எதற்கெல்லாம் அவள் சும்மா சிரித்தாள் என்று கேள். உனக்கும் அப்படி ஏதாவது இருந்தால் தனித் தாளில் எழுதி அனுப்பு. எத்தனை வரி இருந்தாலும் படிக்கிறேன்.

அவள் தலைநிமிர்ந்து வேலைக்குப் போய் வரட்டும்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
உன் வீட்டுக்காரர்