மூடியை இறுக்கச் சொன்னவனுக்கு

அன்புள்ள சின்னவனுக்கு, அம்மா எழுதுவது. நீயும் உன் மனைவியும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று ஆண்டவனைக் கேட்காமல் நான் காலையில் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. இங்கே எல்லோரும் சுகம் என்று அடுத்த வரியை எழுதத்தான் கை போகிறது, ஆனால் அது பொய், உன் அண்ணனுக்குப் பாதத்தில் தையல், எனக்குச் சோறு இறங்கவில்லை. போனில் சொல்லலாமே என்பாய். போன் அண்ணன் கையில் இருக்கிறது, ஸ்பீக்கரைப் போட்டுத்தான் பேசவிடுகிறான், அதனால் எழுதுகிறேன்.

நீ அனுப்பிய சதுரக் கண்ணாடி ஜாடிகள் கீறல் இல்லாமல் வந்து சேர்ந்ததை அன்றைக்கே படம் தெரிகிற போனில் திருப்பித் திருப்பிக் காட்டினோம். என் பிள்ளை அனுப்பியது என்று மாடி வீட்டுத் தையல்காரம்மாவைக் கூப்பிட்டும் காட்டினேன், ஊறுகாய்க்கு இவ்வளவு பெரிய பங்களாவா என்று கேட்டாள். பழைய பீங்கான் சாடிகளை ஓரம் கட்டிவிட்டு, இந்த முறை கோஸ், வெள்ளரி, கேரட் எல்லாவற்றையும் உன் ஜாடியில்தான் உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டேன். உனக்குத் தெரியாததா, நான் வினிகரும் சேர்ப்பதில்லை எண்ணெயும் சேர்ப்பதில்லை, காயை நிறுத்து அதற்கேற்ற உப்பையும் நிறுத்துப் போட்டுவிட்டால் அது பாட்டுக்குப் புளித்துக்கொள்ளும். புளிக்கிற காய் மூச்சு விடும், அதனால் மூடியைச் சும்மா மேலே வைப்பேனே தவிரத் திருக மாட்டேன். மூச்சு விட்டால் வாடையும் வரத்தான் செய்யும். உன் அண்ணிக்கு அந்த வாடை ஆகாது, அவளைக் குறை சொல்லவில்லை, சிலருக்கு மல்லிகைப் பூவே தலைவலி. காய் ஊறப்போட்ட அன்று அவள் போனில் உன்னிடம் அதைச் சொன்னதும் நீ சிரித்துக்கொண்டே, "மூடிய நல்லா இறுக்கி மேல டேப்பச் சுத்திடுங்க அண்ணி, அடுத்த ரூமுக்குக்கூடத் தெரியாது" என்றாயாம், எல்லாம் முடிந்த பிறகுதான் அவள் இதை என்னிடம் சொன்னாள். சொல்லிவிட்டு உன் வேலையைப் பார்க்கப் போய்விட்டாய். அவள் இறுக்கினாள், டேப்பும் சுற்றினாள்.

மறுநாள் அதைப் பார்த்துப் பிரிக்கப் போனேன். தம்பிதான் இப்படி மூடச் சொன்னார் அத்தை, அந்த ஜாடிக்கு அதுதான் முறையாம் என்றாள். அவ்வளவு தூரத்திலிருந்து வந்த ஜாடி, மூச்சு விட உள்ளுக்குள்ளே ஏதாவது வழி வைத்திருப்பார்கள், என் பிள்ளை தெரியாமலா சொல்லியிருப்பான் என்று கையை எடுத்துவிட்டேன். வேறு யார் சொல்லியிருந்தாலும் பிரித்திருப்பேன். அந்த வாரம் வெயில் வேறு. நான் பிரார்த்தனையில் உட்கார்ந்திருந்த நேரம், அண்ணன் ஜாடிகள் இருந்த பின்னறையில் மோட்டார் ஸ்விட்சைப் போட வெறுங்காலோடு போயிருக்கிறான். லாரி டயர் வெடித்த மாதிரி ஒரு சத்தம். போய்ப் பார்த்தால் சுவரெல்லாம் கோஸ், கண்ணாடிச் சில்லு அவன் பாதத்தில் இறங்கி நிற்கிறது, காயத்தில் உப்புத் தண்ணீர் பட்டு அவன் துடித்த துடிப்பைப் பெற்றவள் பார்க்கக் கூடாது. அச்சகத்தில் நாள் முழுக்க நின்று தாள் வெட்டுகிறவன், இப்போது காலை நாற்காலியில் தூக்கி வைத்துக்கொண்டு ஈ பறந்தால்கூட எரிந்து விழுகிறான். மிச்சமிருந்த ஜாடிகளை அன்றைக்கே குப்பை வண்டியில் ஏற்றச் சொல்லிவிட்டான், பீங்கான் சாடிகளும் சேர்ந்து போயின, அவை என்ன பாவம் செய்தனவோ.

தையல்காரம்மா என்னை இப்போது வெடிகுண்டு அம்மா என்றுதான் கூப்பிடுகிறாள். அது விளையாட்டு, சிரித்துவிட்டுப் போகிறேன். நீ சொன்னதற்குத்தான் சிரிப்பு வரவில்லை. அண்ணனிடம் நீ ஸ்பீக்கரில் பேசும்போது நான் அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். "அம்மாவுக்கு வயசாயிடுச்சுண்ணா, நிதானமே இல்ல. அடுப்படிய அண்ணிகிட்டயே விட்டுடுங்க, அவங்க அந்தப் பக்கமே போக வேணாம்." உன் குரல்தான், எனக்குத் தெரியாதா. என்னம்மா நடந்தது என்று கேட்க என்னைக் கூப்பிடுவாய் என்று, மடித்த துணியையே உதறி மறுபடியும் மடித்துக்கொண்டு நின்றேன். நீ கூப்பிடவில்லை. நீ சொன்னால் அண்ணனுக்கு அது கோர்ட்டுத் தீர்ப்பு. அடுப்படி போயிற்று, அதோடு வீட்டுக் கணக்கும் போயிற்று, நீங்க எதுக்கு அத்தை சிரமப்படணும் என்று அண்ணி நோட்டை வாங்கிக்கொண்டாள். கல்யாணமாகி வந்த பிறகு எழுத்துக் கூட்டிப் படித்ததே அந்தக் கணக்கை எழுதத்தான், இன்றைக்குப் பால்காரன் வந்தானா இல்லையா என்பதுகூட எனக்குத் தெரியாது. டீ கொடுத்தால் குடிக்கிறேன், தட்டு வைத்தால் சாப்பிடுகிறேன். விருந்தாளிக்காவது ஊருக்குக் கிளம்பும் நாள் என்று ஒன்று உண்டு.

அண்ணனிடம் சொல்லாமல் இல்லை. இறுக்கச் சொன்னது உன் தம்பி என்றேன். "எங்கயோ இருக்கறவன் மேல பழியப் போடாதம்மா, ஊறப் போட்டது யாரு?" என்று கேட்டான். அண்ணி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கொடியில் துணி காயப்போடும்போது பக்கத்தில் வந்து, தான் வாயைத் திறந்தால், செய்வதையும் செய்துவிட்டுத் தம்பியைக் காட்டிக்கொடுக்கிறாயா என்று அவன் தன்னைத்தான் வறுத்தெடுப்பான் என்று அழுதாள். அவளுக்கு அவள் பயம். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள். நீ வேண்டுமென்று சொல்லவில்லை, பேச்சுவாக்கில் சொன்னாய், சொன்னதையே மறந்துமிருப்பாய், அதற்கு நான் கோபப்படவில்லை. ஒரு வார்த்தை என்னைக் கேட்காமல் என்னை ஒதுக்கிவைக்கச் சொன்னாயே, அதை எந்த மருந்து போட்டு ஆற்றுவது.

ஜாடிக்கு ஜாடி வேண்டாம், புதிதாக எதையும் வாங்கி அனுப்பாதே. அண்ணனைக் கூப்பிட்டு, வீடு முழுக்கக் கேட்கிற மாதிரி, நான்தான் இறுக்கச் சொன்னேன், நான் சொன்னேன் என்பதற்காகத்தான் அம்மா பிரிக்காமல் விட்டாள் என்று சொல். அவ்வளவுதான். அண்ணியை அதில் இழுக்காதே. அவன் நம்புவது உன் வாயை மட்டும்தான், என் வாய்க்கு இந்த வீட்டில் மதிப்பில்லை, அந்த மதிப்பை எடுத்தவன் நீ, நீயே திருப்பிக் கொடு. அதுவரை, சாப்பிட்டாயா அம்மா என்று கேட்க என்னைக் கூப்பிடாதே. குளித்துக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லச் சொல்வேன், அந்தப் பொய்க்கு ஆண்டவனிடம் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

அங்கே குளிர் என்றாய், காதை மூடிக்கொண்டு வெளியே போ. உன் மனைவியிடம் இதைக் காட்டாதே, அவளாவது உன்னை நல்லவன் என்று நினைத்துக்கொண்டிருக்கட்டும். கோபத்தோடு பிள்ளையை வாழ்த்தலாமா என்று நெடுநேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், வாழ்த்தாமல் இருக்கவும் தெரியவில்லை. நோய் நொடி இல்லாமல் நூறு வயது இரு. சொல்ல வேண்டியதைச் சொல்ல மறக்காதே.

இப்படிக்கு,
அடுப்படிக்கு வெளியே உட்கார்ந்திருக்கும் உன் அம்மா