இறக்கத்தில் இடது கை

ஹுன்னஸ்கிரிய
2025 பெப்ரவரி 3

அன்புள்ள மச்சான் அமலதாஸுக்கு,

உன் அக்காவும் நானும் சுகம். மழை நின்றதும் கத்தரீனாவின் முழங்கால் வலி குறைந்துவிட்டது. நீ கண்டியில் வாடகைச் சைக்கிள் கடை திறந்த பிறகு இந்தப் பக்கம் இரண்டே தடவைதான் வந்தாய் என்று அவள் குறைப்படுகிறாள். அவள் சார்பில் அதை எழுதிவிட்டேன். இனி என் விஷயம்.

சைக்கிள் எப்படி என்று போனில் சொல்லச் சொன்னாய். நான் மூன்றாவது வசனத்துக்கு வரும்போதே "சரி அத்தான், சரி அத்தான்" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. தவிர, என் கருத்தைத் தமிழில் அச்சடித்துக் கடையில் கொடுக்கப்போவதாகச் சொன்னாய். அச்சுக்குப் போவது எழுத்தில்தான் இருக்கவேண்டும்.

நீ வேனில் ஏற்றி அனுப்பிய மின்சார மலைச் சைக்கிள் வந்து சேர்ந்தது. "காட்டுப் பாதையில ஒருநாளும் ஓட்டாத ஆள் வேணும், அத்தான்தான் சரி" என்றாய். இருபத்தொன்பது வருடம் வீடு வீடாக மின்சார மீட்டர் பார்த்து இந்த மலையெல்லாம் சைக்கிளில் ஏறி இறங்கியவனைப் புதியவன் என்கிறாய். தார் ரோடு வேறு, தேயிலைக்குள் போகும் பாதை வேறு. அந்த அளவுக்கு ஒத்துக்கொள்கிறேன்.

முதலில் சைக்கிளோடு வந்த விளக்கப் புத்தகம். ஐம்பத்தெட்டுப் பக்கம், இங்கிலிஷ். அகராதியை வைத்துக்கொண்டு நாலு நாளில் முடித்தேன். உறை பிரிக்காமல் வந்தது. உன் கடையில் வேறு யாரும் இதை வாசித்ததாகத் தெரியவில்லை.

இப்போது சைக்கிள். முன்னால் இரண்டு பக்கமும் அதிர்வு தாங்கும் குழாய் இருக்கிறது. பின்னால் ஒன்றும் இல்லை. சட்டம் ஒரே இறுக்கம். கல்லில் ஏறினால் அடி நேரே இடுப்புக்கு வரும். அதைக் குறை என்று சொல்லமாட்டேன். புதியவன் சீட்டிலேயே குந்தியிருக்காமல் பெடலில் எழும்பி நிற்கப் பழகுவான், கல்லைப் பார்த்து ஓட்டுவான். பின்னாலும் ஸ்பிரிங் இருந்தால் பாரமும் கூடும், பழுதாக இன்னும் நாலு இடம் இருக்கும். இப்போதே இருபத்துமூன்று கிலோ. கத்தரீனாவால் வாசற்படி ஏற்ற முடியவில்லை, நான் ஏற்றினேன்.

மோட்டார் நல்லது. சந்தியிலிருந்து மேல் லயன் வீடுகள் வரை ஏறினேன். அறுபத்தாறு வயதில் மூச்சு வாங்கவில்லை. கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் நின்ற பெண்கள், "மீட்டரய்யா பறக்கிறாரு பாருங்கடி!" என்று சத்தம் போட்டார்கள். ஆனால் மோட்டார் இழுக்கும்போது கியர் மாற்றினால் சங்கிலி கத்துகிறது. முதலில் மிதியைத் தளர்த்த வேண்டும். இதைப் புதியவர்களுக்குச் சொல்.

பற்றரி எண்பது கிலோமீற்றர் போகும் என்று பெட்டியில் இருக்கிறது. நம் மலையில் நாற்பத்தொன்றுதான் போனது. வீட்டில் தனி மீட்டர் பொருத்தி அளந்தேன், நிரம்புவதற்கு முக்கால் யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவு. பெட்டி சொல்வதை அச்சடிக்காதே, நான் சொல்வதை அச்சடி.

இறக்கம் இன்னும் பார்க்கவில்லை. மழை ஈரத்தில் பாதை வழுக்குகிறது; இறக்கங்களில் தள்ளிக்கொண்டுதான் வந்தேன். காய்ந்ததும் பார்த்து எழுதுகிறேன்.

உன் அத்தான்
மரியசூசை


கண்டி
2025 பெப்ரவரி 9

அன்புள்ள அத்தானுக்கு,

கடிதம் கிடைத்தது. கடையில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன். 'மீட்டரய்யா பறக்கிறாரு' என்ற இடத்தில் எல்லாரும் சிரித்தார்கள். எட்டாம் வகுப்பு மட்டும் படித்த எங்கள் இஞ்சினியர் சும்மா இல்லை! கோபிக்காதீர்கள், பெருமையாகத்தான் சொல்கிறேன்.

ஒரு நல்ல செய்தி. இதுவரைக்கும் வெளிநாட்டுக்காரர்தானே வாடகைக்கு எடுத்தார்கள்? மார்ச் முதலாம் திகதி சனிக்கிழமை நம் ஆட்களே வருகிறார்கள். ஒரு தனியார் வகுப்பில் படிப்பிக்கும் ஆசிரியர்கள், பதினொரு பேர். ஒருவரும் காட்டுப் பாதையில் ஓட்டியதில்லை. உங்கள் வீட்டுக்கு மேலே இருக்கும் மைதானத்தில் தொடங்கி, தேயிலைக்குள்ளால் இறங்குவதுதான் திட்டம். இது சரிவந்தால் இனி நம் ஆட்களும் வருவார்கள், அத்தான். இத்தனை வருடமாக நான் காத்திருந்தது இதற்குத்தான்.

இறக்கத்தைப் பற்றிச் சுருக்கமாக எழுதுங்கள். நீங்கள் எழுதினால் மகாவலி ஆறு மாதிரி நிற்காது.

அக்காவை விசாரித்ததாகச் சொல்லுங்கள். அந்தச் சனிக்கிழமை வரும்போது அவளுக்குப் பிடித்த கேக் கொண்டுவருகிறேன்.

அன்புடன்
அமலதாஸ்


ஹுன்னஸ்கிரிய
2025 பெப்ரவரி 17

அன்புள்ள மச்சானுக்கு,

எழுத்து கோணலாக இருக்கும். வலது மணிக்கட்டு உடைந்து மாக்கட்டுப் போட்டிருக்கிறது. இடது கையால் எழுதுகிறேன். "சொல்லுங்க, நான் எழுதித் தாறேன்" என்று கத்தரீனா கேட்டாள். அவள் உன் அக்கா. எனக்குத் தெரியாமல் உனக்குச் சாதகமாக இரண்டு வரி சேர்த்துவிடுவாள். வேண்டாம் என்றேன்.

வெள்ளிக்கிழமை பாதை காய்ந்திருந்தது. மேல் லயனிலிருந்து இறங்கினேன். பாதி தூரத்தில் தண்ணீர் போவதற்காகப் பாதைக்குக் குறுக்கே வெட்டிய கான் இருக்கிறதே, அதற்கு முன்னால் வேகத்தைக் குறைக்க வேண்டியிருந்தது. வாழ்நாள் முழுக்கச் செய்ததைத்தான் செய்தேன். இடது கையால் பின் பிரேக்கை இறுக்கிப் பிடித்தேன். முன் சக்கரம் அப்படியே நின்றது. நான் நிற்கவில்லை. ஹாண்டிலுக்கு மேலால் போய்த் தேயிலைக்குள் விழுந்தேன்.

எழும்பி உட்கார்ந்ததும் கையைப் பார்க்கவில்லை. சைக்கிளைப் பார்த்தேன். பிரேக் குழாய்களில் ஒவ்வொன்றாக விரலை ஓட்டிப் பார்த்தேன். இடது கைப்பிடியிலிருந்து போகும் குழாய் முன் சக்கரத்துக்குப் போகிறது. வலது கைப்பிடியின் குழாய் பின் சக்கரத்துக்கு.

உன் சைக்கிள்கள் ஐரோப்பாவில் ஓட்டுவதற்காகச் செய்தவை. அங்கே வழக்கம் அதுதான். இங்கே நாம் பழகிய சைக்கிள் எல்லாவற்றிலும் வலது கை முன், இடது கை பின். மோட்டார் சைக்கிளிலும் முன் பிரேக் வலது கையில்தான். நம் ஆள் பயந்தால் இடது கைதான் முதலில் இறுகும். பழைய ரப்பர் பிரேக்கை முழுப் பலத்தோடு பிடித்துப் பழகிய கை அது. இந்தத் தட்டுப் பிரேக்குக்கு இரண்டு விரல் போதும்.

புத்தகத்தில் பதினான்காம் பக்கத்தில் இருக்கிறது. எந்தப் பிடி எந்தச் சக்கரம் என்று விற்றவரிடம் கேள் என்று. நானும் வாசித்தேன். கொடுத்தவன் என் மச்சான், வித்தியாசம் இருந்தால் சொல்லியிருப்பான் என்று அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். அது என் பிழை. எழுதிக்கொள். அந்த ஒன்றுதான் என் பிழை.

சைக்கிளில் குறை இல்லை. ஆனால் பதினொரு ஆசிரியர்களை இதில் ஏற்றி அந்தப் பாதையில் இறக்காதே. குழாய்களைக் கழற்றி மாற்றிப் பூட்டலாம், முப்பத்தோராம் பக்கம். உன்னிடம் பழுது பார்க்கிறவர் இருக்கிறார், இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது.

உன் அத்தான்
மரியசூசை


கண்டி
2025 பெப்ரவரி 21

அன்புள்ள அத்தானுக்கு,

அக்கா போனில் அழுதாள். எனக்கும் மனம் கேட்கவில்லை. கடையை விட்டுவர முடியவில்லை, மன்னியுங்கள். நல்ல எலும்பு டொக்டர் ஒருவரின் விவரம் அக்காவுக்கு அனுப்பியிருக்கிறேன்.

ஆனால் அத்தான், நான் சொல்வதையும் கேளுங்கள். இந்தச் சைக்கிள்களில் இருநூறு வெள்ளைக்காரர்களாவது இறங்கிவிட்டார்கள். ஒருவரும் விழவில்லை. குழாயை மாற்றினால் நாளைக்கு அவர்கள் விழுவார்கள். பிறகு யார் பதில் சொல்வது? நீங்கள் ஏறுவதற்கு முன்னால் ஒருமுறை பிடித்துப் பார்த்திருக்கலாம். அறுபத்தாறு வயதில் கை கொஞ்சம் அவசரப்படும். வயதுக்கோளாறைப் பிரேக் கோளாறு ஆக்காதீர்கள்.

துண்டுப்பிரசுரம் ஏற்கெனவே அச்சடித்து முடிந்தது. ஒன்று இதோடு வைத்திருக்கிறேன். உங்கள் முதல் கடிதத்திலிருந்து எடுத்தது: 'அறுபத்தாறு வயதில் மூச்சு வாங்கவில்லை. மோட்டார் நல்லது. ஹுன்னஸ்கிரிய மரியசூசை.' உங்கள் படமும் நன்றாக வந்திருக்கிறது. இறக்கத்தைப் பற்றிப் போட இடம் இல்லை.

ஆசிரியர்களிடம் இதைப் பேசிப் பயப்படுத்த வேண்டாம். கெஞ்சிக் கேட்கிறேன். ஒரே ஒரு சனிக்கிழமை.

அன்புடன்
அமலதாஸ்


ஹுன்னஸ்கிரிய
2025 பெப்ரவரி 25

மச்சான் அமலதாஸ்,

துண்டுப்பிரசுரம் வந்தது. என் பெயருக்குக் கீழே நான் எழுதியதில் பாதிதான் இருக்கிறது. ஏறியதைப் போட்டாய், இறங்கியதை விட்டாய். ஏறினவன் அங்கேயே இருப்பானா? கீழே வரவேண்டாமா?

வயதுக்கோளாறு என்கிறாய். சரி. உன் கடையில் முப்பது வயதுக்குக் கீழே இருக்கிற ஒருவரைக் கூப்பிடு. பிறந்ததிலிருந்து இங்கே சைக்கிள் ஓட்டியவராகப் பார்த்து எடு. முன் பிரேக் எது என்று சொல்லாதே. சமதரையில் ஓட்டவிட்டு, "நில்!" என்று திடீரென்று சத்தம் போடு. எந்தக் கை முதலில் இறுகுகிறது என்று பார். பார்த்துவிட்டு எனக்கு வயதைப் பற்றி எழுது.

வெள்ளைக்காரர்கள் விழுவார்கள் என்கிறாய். எல்லாவற்றையும் மாற்று என்று நான் எங்கே சொன்னேன்? பதினொன்றை மாற்று. முடியாவிட்டால் ஏறுகிற ஒவ்வொருவரிடமும் கேள், "எந்தக் கையில் முன் பிரேக் பழக்கம்?" என்று. ஒரு கேள்வி. அதைக் கேட்டால் கடைக்கு மரியாதை குறைந்துவிடுமா?

பயப்படுத்த வேண்டாம் என்று கெஞ்சுகிறாய். தெரிந்துகொண்டு பயப்படுகிறவன் மெதுவாக இறங்குவான். தெரியாமல் சிரித்துக்கொண்டு போகிறவன்தான் தேயிலைக்குள் கிடப்பான்.

ஒன்று, பிரசுரத்திலிருந்து என் பெயரையும் படத்தையும் எடு. இல்லையென்றால் நான் எழுதியது முழுவதையும் போடு. நடுவில் வேறு வழி கிடையாது. நீ ஒன்றும் செய்யாவிட்டால், சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு நான் மைதானத்தில் நிற்பேன். ஒரு கை கட்டில் இருந்தாலும் வாய் கட்டில் இல்லை.

அத்தான்
மரியசூசை


கண்டி
2025 பெப்ரவரி 27

அத்தான்,

ஆளிடம் கொடுத்தனுப்புகிறேன், தபாலில் போட நேரமில்லை. சனிக்கிழமை வராதீர்கள். வந்தால் நான் அத்தான் என்று பார்க்கமாட்டேன். அக்காவுக்காகத்தான் இத்தனை நாள் பொறுத்துக்கொண்டிருக்கிறேன்.

அமலதாஸ்


ஹுன்னஸ்கிரிய
2025 மார்ச் 5

திரு. அமலதாஸ் அவர்களுக்கு,

சனிக்கிழமை நடந்ததை நீங்கள் சொந்தக்காரர்களிடம் வேறு விதமாகச் சொல்லி வருவதாகக் கேள்விப்பட்டேன். ஆகையால் நடந்தபடி எழுதி அனுப்புகிறேன். ஒரு பிரதி என்னிடம் இருக்கிறது.

ஏழு மணிக்கு நான் மைதானத்தில் நின்றேன். ஆசிரியர்கள் வேனில் வந்து இறங்கினார்கள். நான் யாரையும் தடுக்கவில்லை. மாக்கட்டுப் போட்ட கையைக் காட்டி, இது எப்படி உடைந்தது என்று சொன்னேன். பிறகு ஒவ்வொருவரிடமும் அந்தக் கேள்வியைக் கேட்டேன். ஒன்பது பேர் வலது கை என்றார்கள். இரண்டு பேர் யோசித்ததே இல்லை என்றார்கள்.

அப்போது நீங்கள் ஓடிவந்து, "இந்த மனுசன் எனக்கு யாருமில்ல! வயசு போய் உளறுறாரு. நீங்க ஏறுங்க டீச்சர், நேரமாகுது" என்று எல்லார் முன்னாலும் சொன்னீர்கள். மடவளையிலிருந்து வந்திருந்த ரிப்கா டீச்சர்தான் பதில் சொன்னார்: "யாரா இருந்தா என்ன? அவர் கேக்கிறது சரிதானே?"

இரண்டு பேர் பஸ்ஸில் திரும்பிப் போனார்கள். மற்ற ஒன்பது பேரும் புல்லில் ஒரு மணித்தியாலம் பழகினார்கள். இடது பிரேக்குக்கு ஒரே ஒரு விரல், வலது பிரேக் முதலில் என்று. ரிப்கா டீச்சர் மூன்றாவது சுற்றில் பழைய பழக்கத்தில் இடதைப் பிடித்து விழுந்தார். விழுந்தது புல்லில். "மூளைக்கு வெளங்குது, கைக்குத்தான் வெளங்குதில்ல" என்று சிரித்துக்கொண்டே எழும்பினார். அவருக்கு முப்பத்திரண்டு வயது. பிறகு ஒன்பது பேரும் இறங்கினார்கள். குறுக்கே வெட்டிய கானை ஒன்பது பேரும் விழாமல் தாண்டினார்கள். நீங்கள் வேனுக்குள் இருந்தீர்கள். நான் மேலே நின்று கடைசி ஆள் வளைவில் மறையும்வரை பார்த்தேன்.

கத்தரீனா உங்கள் அக்கா. அவள் வருவதிலும் போவதிலும் நான் தலையிடமாட்டேன். உங்கள் வீட்டு விசேஷங்களுக்கு இனி அவள் மட்டும் வருவாள். சைக்கிளை எடுத்துப்போக ஆள் அனுப்புங்கள். துடைத்து, பற்றரி நிரப்பி வைத்திருக்கிறேன்.

கேட்ட கருத்தை முடித்துக் கொடுக்காமல் விடுகிற பழக்கம் எனக்கு இல்லை. இதோ:

'புதியவர்களுக்கு இது நல்ல சைக்கிள். ஏற்றத்தில் ஆளைக் களைக்க விடாது. பின்னால் அதிர்வு தாங்கி இல்லை. கல்லில் எழும்பி நிற்கப் பழகுங்கள். நம் மலையில் ஒரு தடவை நிரப்பினால் நாற்பது கிலோமீற்றர், அதற்கு மேல் நம்பாதீர்கள். இங்கே சைக்கிள் ஓட்டிப் பழகியவர்களுக்கு இதன் பிரேக்குகள் கை மாறி இருக்கின்றன. மாற்றிப் பூட்டித் தரச் சொல்லுங்கள். மாட்டேன் என்றால் புல்லில் ஒரு மணித்தியாலம் பழகாமல் இறக்கத்துக்குப் போகாதீர்கள். நான் போனேன், மணிக்கட்டு உடைந்தது.'

இதில் ஒரு சொல்லையும் வெட்டக்கூடாது. நீங்கள் முன்பு அச்சடித்ததை யாராவது பார்த்து, சொந்தக்காரன் எழுதிக் கொடுத்தது என்று சொல்லியிருக்கலாம். சனிக்கிழமை நீங்களே பதினொரு பேர் முன்னால் அதற்கு முடிவு கட்டினீர்கள். இப்போது எழுதியிருப்பவன் உங்களுக்கு யாருமில்லை. தைரியமாக அச்சடியுங்கள்.

மரியசூசை