வருகைப் பதிவில் உமா

ஜூன் 3, செவ்வாய்

காலையிலேயே அனல். உமாவின் போனுக்குச் சார்ஜ் போட்டேன், வழக்கம்போல. தேனாம்பேட்டை சிக்னலில் தங்கை வண்டியோடு விழுந்து இன்றோடு நாற்பத்தைந்து நாள். போனில் ஒரு கீறல்கூட இல்லை.

மதியம் அது அடித்தது. சின்னப் பெண் குரல். "உமாக்காவா? ரெஹானா பேசறேன், எம்ப்ராய்டரி கிளாஸ். இன்னிக்கு ஆரம்பிக்கிறோம், வர்றீங்கல்ல?"

"வரேன்" என்றேன். ஏன் சொன்னேன் தெரியவில்லை.

ஆபீஸ் முடிந்து தி.நகர். லைனிங் துணிக்கடைக்கு மேலே ஒரு அறை. ஏழு பெண்கள். ரெஹானாவுக்கு இருபத்தைந்து இருக்கும். பேர் வாசித்தாள். "உமா?" கை தூக்கினேன்.

வாங்க: ஃபிரேம், நீள ஊசி, ரோஸ் நூல் 2. அம்மாவுக்கு பி.பி. மாத்திரை.

ஜூன் 5, வியாழன்

புல்லியன் முடிச்சு. ஊசியைப் பாதி குத்தி நிறுத்தி, அதன்மேல் நூலை எட்டுச் சுற்று சுற்றி, கட்டைவிரலால் அமுக்கியபடி ஊசியை உருவ வேண்டும். சுற்றெல்லாம் சின்னப் புழு மாதிரி துணியில் படுக்கும். ஏழெட்டுப் புழு சேர்ந்தால் ஒரு ரோஜா. எனக்குச் சிக்கு மட்டும். விரலில் குத்தி ரத்தம். வலிக்கவில்லை.

பக்கத்தில் பூரணி. பட்டினப்பாக்கம், மீன் கடை. "இன்னாக்கா, நூலாண்ட சண்ட போட்டுக்கினு கீற?"

வீட்டில் அம்மா: "ஏன் இவ்ளோ நேரம்?" ஆடிட் என்றேன்.

ஜூன் 10, செவ்வாய்

பஸ்ஸில் நின்றபடியே இறங்க மறந்து ஒரு ஸ்டாப் தாண்டிவிட்டேன்.

ரெஹானா என் கட்டைவிரல்மேல் தன் விரலை வைத்து அமுக்கினாள். "விடாதீங்கக்கா. பயந்து விட்டீங்கன்னா எல்லாம் அவுந்துடும்." ஒன்று வந்தது. பிறகு வரிசையாக. ஒரு முழு ரோஜா, கொஞ்சம் கோணல்.

பூரணி டீ வாங்கிக் கொடுத்தாள். "உமாக்கா, உன்கூடப் பொறந்தவங்க கீறாங்களா?"

"ஒரு அக்கா."

"அது இன்னா பண்ணுது?"

யோசித்தேன். "ஆபீஸ் போறா. வர்றா."

ஜூன் 12, வியாழன்

கிளாஸ் போகவில்லை. தலைவலி என்று சொல்லிக்கொண்டேன். தலை வலிக்கவில்லை.

டிபன் பாக்ஸ் எடுக்கப் பையைத் திறந்த அம்மா துணியைப் பார்த்துவிட்டாள். ரோஜாவைத் தடவினாள். "உமா போட்டதா?"

தலையாட்டிவிட்டேன். அம்மா துணியை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். இட்லி, தேங்காய்ச் சட்னி. உப்பு இல்லை, இருவரும் சாப்பிட்டோம்.

ஜூன் 17, செவ்வாய்

மேகம், மழை இல்லை.

ரெஹானா "உமா?" என்றதும் கை எழவில்லை. "உமா இல்ல. அவ என் தங்கச்சி. ஏப்ரல்ல ஆக்சிடென்ட்ல இறந்துட்டா. நான் வசந்தி." அவ்வளவுதான். ஆபீஸில் விலாசம் சொல்வது மாதிரி வந்தது.

ரெஹானா நோட்டை மூடிவிட்டாள்.

பூரணிதான் முதலில் பேசினாள். "அடப்பாவி அக்கா! செத்தவ பேரச் சொல்லியா இத்தினி நாளா உன்ன கூப்ட்டுக்கினு இருந்தேன்?" கோபம்தான். ஆனாலும் என் ஊசியை வாங்கி நூல் கோத்துக் கொடுத்தாள்.

வீடு. செருப்பைக் கழற்றுவதற்குள் அம்மாவிடம் சொன்னேன். "அந்த ரோஜா உமா போட்டது இல்லம்மா. நான் போட்டது."

அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "தெரியும்டி. யோகா, டிரைவிங், ஹிந்தி, எல்லாத்துலயும் பேர் குடுப்பா. எதுக்காவது ஒரு நாள் போயிருக்காளா? ஊசியில நூல் கோக்கறதுக்குள்ள மூணு வாட்டி எந்திரிச்சுப் போறவ."

அம்மா சிரித்தாள். நானும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு. அப்படி ஒரு சத்தம் என்னிடம் இருப்பது எனக்கே தெரியாது. பக்கத்து வீட்டில் ஓடிக்கொண்டிருந்த மிக்ஸி நின்றுவிட்டது.