விருந்துக்கு நான் மட்டும் போனேன்

கிளென்ஃபீல்ட், ஒக்லாந்து
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள யோகராணிக்கு,

நான் சுகம். வவுனியாவில் வெயில் கடுமை என்று உம்முடைய அக்கா சொன்னார். நான் போன் கோல் எடுக்கிற நேரமெல்லாம் நீர் படுத்திருப்பதாகவும் சொன்னார். அதனால்தான் எழுதுகிறேன். கண்ணாடியைப் போட்டு நீரே வாசியும்.

இங்கே குளிர் குறைந்துவிட்டது. பென்ரோஸில் வேலை முன்போலத்தான். ஓவர்டைம் கேட்டு வாங்கிச் செய்கிறேன். உம்முடைய கறிவேப்பிலைக் கன்றைக் குளிருக்கு உள்ளே எடுத்துவைக்க மறந்துபோனேன். பட்டுவிட்டது.

நம்முடைய தனோஜன் தங்கிப் படித்த கல்லூரியிலிருந்து நம் இருவருக்கும் அழைப்பு வந்திருந்தது. இந்த வருடம் படிப்பை முடித்துப் போகிற பிள்ளைகளுக்கு வைக்கும் விருந்து. உயிரோடு இருந்தால் அவனும் இந்த வருடம் முடித்திருப்பான்தானே. போவதா விடுவதா என்று நான் யோசிக்கவில்லை. வெள்ளிக்கிழமை வேலையால் வந்து, குளித்து, கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன்.

அந்தப் பழைய கல்மண்டபம் உமக்குத் தெரியும். பிள்ளைகள் எல்லோரும் கறுப்பு அங்கியோடு நீள மேசைகளுக்குப் பக்கத்தில் நின்றார்கள். மேடைபோல் உயர்ந்த இடத்தில் இருந்த மேசையில், கல்லூரித் தலைவிக்குப் பக்கத்தில் என்னை இருத்தினார்கள். ஒரு பெண்பிள்ளை லத்தீனில் பிரார்த்தனை வாசித்தாள். விளங்காத மொழி என்பதால் அந்த நேரம் ஆறுதலாக இருந்தது.

சூப் வந்தது, குடித்தேன். பிறகு ஆட்டிறைச்சி. வெள்ளிக்கிழமை என்பது பாதி தின்ற பிறகுதான் நினைவு வந்தது. நிறுத்த வேண்டும் என்று தோன்றவில்லை. மிச்சத்தையும் தின்றேன். ருசி ஒன்றும் தெரியவில்லை.

தலைவி எழுந்து பேசினார். எல்லோரும் எழுந்து ஒரு பெயரைச் சொல்லிக் கிளாசைத் தூக்கினார்கள். நானும் எழுந்து தூக்கினேன். பக்கத்தில் நின்ற பேராசிரியர் என் தோளைத் தொட்ட பிறகுதான், அவர்கள் சொன்ன ‘டனோஜன்’ நம்முடைய பிள்ளை என்று விளங்கியது. அழுகை வரும் என்று பார்த்திருந்தேன். வரவில்லை.

எல்லோரும் திரும்பக் கதிரையில் இருந்த பிறகும் கடைசி மேசையில் ஒருவன் நின்றுகொண்டிருந்தான். அகில். கடிதத்தைக் கிழித்துப்போடாதேயும், மிச்சத்தையும் வாசியும்.

மழை ரோட்டில் கார் வழுக்கியதற்கு அவனில் பிழை இல்லை என்று பொலிஸ் முடித்துவிட்டது. என்றாலும் ஓட்டியவன் அவன். உயிரோடு வந்தவனும் அவன். செத்த வீட்டு வாசலில் வைத்தே நீர் அவனைத் திருப்பி அனுப்பினீர். அதைப் பிழை என்று நான் சொல்ல வரவில்லை.

இனிப்புப் பரிமாறத் தொடங்கியபோது நான் எழுந்து அவனிடம் போனேன். ஏன் போனேன் என்று கேட்டால் தெரியாது. கால் போனது. என்னைக் கண்டதும் அவன் கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பி, “அங்கிள், நீங்க வருவீங்கன்னு தெரியாது. நான் வெளிய போயிடட்டுமா?” என்று கேட்டான்.

“இரும் தம்பி, சாப்பிடும்” என்றேன். அவனுடைய கோப்பையில் வைத்தது வைத்தபடி கிடந்தது. யாரோ எனக்கும் ஒரு கதிரை இழுத்துப் போட்டார்கள். அவனுக்குப் பக்கத்தில் இருந்தேன்.

பிறகு அவன் என் முகத்தைப் பார்க்காமலே சொன்னான்: “அவன் பயந்திருப்பானான்னு ஆன்ட்டி எல்லார்கிட்டயும் கேட்டாங்களாமே. அவன் தூங்கிட்டு இருந்தான் அங்கிள். ஹாமில்டன் தாண்டினதுமே தூங்கிட்டான். என் ஜாக்கெட்டைச் சுருட்டித் தலைக்கு வெச்சிருந்தான். அவனுக்கு ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது.”

நான் திருப்பிக் கேட்கவில்லை. உள்ளதைத்தான் சொன்னானோ, என்னைப் பார்த்து இரங்கிச் சொன்னானோ, அறியேன். கேட்டதை உமக்கு எழுதுகிறேன்.

வெளியே வந்து, காரில் கொண்டுபோய் விடட்டுமா என்று கேட்டேன். இப்போது காரில் ஏறுவதில்லை, பஸ்தான் என்றான். பஸ் தரிப்பில் அவனோடு நின்றேன். பஸ் வந்தது, அவன் ஏறவில்லை, அது போய்விட்டது. இதை ஆன்ட்டியிடம் நேரில் வந்து சொல்ல வேண்டும், அவங்க அடித்தாலும் பரவாயில்லை என்றான். கேட்டுச் சொல்கிறேன் என்றேன். இப்போது கேட்கிறேன்.

நீர் மாட்டேன் என்றால் அவனிடம் அப்படியே சொல்லிவிடுவேன். வற்புறுத்த மாட்டேன். ஆனால் அவன் வருவதென்றால், அன்றைக்கு நீரும் இங்கே நம் வீட்டில் இருக்க வேண்டும். அந்தப் பிள்ளையை முன்னால் இருத்தி வைத்துக்கொண்டு நான் ஒருத்தனாய் என்ன கதைப்பேன்? வாரும், யோகராணி.

இரவில் உமக்குக் கொஞ்சமாவது நித்திரை வர ஆண்டவன் அருள வேண்டும்.

இப்படிக்கு,
உம்முடைய
ஆனந்தராசா